ஒரே பந்தியில்

பசியைப் பற்றி நம் எழுத்தாளர்கள் நிறையவே எழுதியிருக்கிறார்கள். ஆனால், முன்னே சோறு இருக்கவும் அதனை உண்ண முடியாமல் ஒருவர் மெலிந்து கிடக்கும் நிலையைப் பற்றி நாம் அதிகம் பேசியதில்லை. அந்நிலையில் இரண்டு ஆண்டுகள் கிடந்தவள் என்ற முறையிலேயே இதனை எழுதுகிறேன்.

2012ஆம் ஆண்டு. நான் பல்கலைக்கழக மாணவி. "கொஞ்சம் மெலிந்தால் வடிவாயிருப்பாய்" என்று உறவினர் ஒருவர் சொன்ன சொல்லில் அது தொடங்கியது. முதலில் இரவுச் சோற்றை விட்டேன். பின்னர் பகற்சோற்றையும் விட்டேன். வாங்கிய சோற்றுப் பார்சலைப் பிரிக்காமலே குப்பையிற் போட்ட நாட்கள் பல. மாதவிலக்கு நின்றது, தலைமயிர் உதிர்ந்தது, சித்திரை வெயிலிலும் உடல் குளிர்ந்தது. அப்போதும் என்னைப் பாராட்டியவர்களே அதிகம்.

நோயினும் கொடியதாயிருந்தது வெட்கம். மாணவர் சங்கக் கூட்டங்களில் உழைக்கும் மக்களின் பசியைப் பற்றி உரக்கப் பேசியவள் நான். இத்தகைய நோய்கள் வயிறு நிறைந்த வர்க்கத்தின் சொகுசு என்று அங்கு ஒரு தோழர் சொன்னபோது நானும் தலையசைத்தேன். பின்பு யாரிடம் போய் என் நிலையைச் சொல்வது?

விடுதியில் மயங்கி விழுந்த பின்னரே வைத்தியரிடம் கொண்டுசெல்லப்பட்டேன். அவர் என்னைக் கடியவில்லை. ஒரு வரலாற்றைச் சொன்னார். 1944–45இல் அமெரிக்காவின் மினசோட்டாப் பல்கலைக்கழகத்தில் அன்செல் கீஸ் என்பவர் ஓர் ஆய்வு நடத்தினார். மனச்சாட்சியின் பேரில் போர்ச்சேவையை மறுத்த இளைஞர் முப்பத்தாறு பேர் அதற்குத் தாமாக முன்வந்தனர். ஆறு மாதங்கள் அவர்களின் உணவு ஏறக்குறைய பாதியாகக் குறைக்கப்பட்டது. திடகாத்திரமான அவ்விளைஞர்கள் சோர்ந்தனர். நண்பர்களை விட்டு ஒதுங்கினர். சமையற் புத்தகங்களை வாசிப்பதில் மூழ்கினர். மீண்டும் உண்ணத் தொடங்கிய பின்னரும் பலருக்கு மனம் தேறப் பல மாதங்கள் சென்றன. அவர்களுள் எவரும் அழகுக்காகப் பட்டினி கிடந்தவரல்லர். பட்டினி எக்காரணத்தால் தொடங்கினும், அது மனத்தையும் சிறைப்பிடிக்கிறது. இந்த உண்மை என் வெட்கத்தைப் பாதியாகக் குறைத்தது.

நீண்ட பட்டினியின்பின் திடீரென நிறைய உண்பது உயிருக்கே ஆபத்தாகலாம் என்பதால், இரத்தப் பரிசோதனைகளுடன் சிறிது சிறிதாக உணவு கூட்டப்பட்டது. விடுதிக்குத் திரும்பும்போது வைத்தியர் சொன்ன அறிவுரை ஒன்றே: "தனியாக இருந்து சாப்பிடவேண்டாம்."

என் அறைத்தோழி ஹட்டன் பக்கத்துத் தோட்டத் தொழிலாளி ஒருவரின் மகள். உண்மையான பசியை அறிந்தவள். அவள் முன்னிலையிலேயே நான் மிகவும் கூசினேன். எல்லாவற்றையும் கேட்டுவிட்டு அவள் சொன்னாள்: "பசி யாருக்கு வந்தாலும் பசிதான். வா, ஒக்காரு."

அன்று முதல் நான்கு பெண்கள் என்னுடன் பந்தியிலிருந்தனர். என் கோப்பையை எவரும் உற்றுப் பார்க்கவில்லை, உண்டதற்காகப் பாராட்டவுமில்லை. பரீட்சையைப் பற்றியும் வேலைநிறுத்தத்தைப் பற்றியும் பேசிக்கொண்டிருந்தனர். ஓர் இடியப்பத்தை உண்ண எனக்கு அரைமணி நேரம் சென்றது. அழுதெழுந்து ஓடிய நாட்களும் உண்டு. மறுநாளும் என் இடம் வெறுமையாகவே வைக்கப்பட்டிருந்தது. பல மாதங்களின்பின் ஒரு மாலை, ஏதோ பகிடிக்கு வாய்விட்டுச் சிரித்துவிட்டுக் குனிந்து பார்த்தேன், கோப்பையிற் சோறில்லை. உண்டது எனக்கே தெரியவில்லை.

சமாசனம், சமபோசனம் என்று யாழ்ப்பாணப் பாடசாலைகளில் ஒரு காலத்திற் போராட்டம் நடந்தது. ஒருவரோடொருவர் சமமாக அமர்ந்து உண்பது எத்துணை பெரிய காரியம் என்பதை அம்முன்னோர் அறிந்திருந்தனர். நான் அதனைப் பிந்தியே கற்றேன்.

இன்று நான் ஆசிரியை. இடைவேளையில் சாப்பாட்டுப் பெட்டியைத் திறவாமல் ஒதுங்கியிருக்கும் பிள்ளையை ஆசிரிய நண்பர்கள் கவனிக்க வேண்டும். அப்பிள்ளை ஆணாகவும் இருக்கலாம். உடலைப் பற்றி ஒரு சொல்லும் சொல்லாதீர்கள். வைத்தியரிடம் செல்ல வழிசெய்யுங்கள். அதற்கு முன், உங்கள் பார்சலை எடுத்துக்கொண்டு போய் அருகில் அமருங்கள்.