கொதிக்க விட்ட தேங்காய்ப்பால்

தேங்காய்ப்பால் விஷயத்தில் கன்னியாகுமரி மாவட்டத்துக்காரர்கள் விட்டுக்கொடுக்க மாட்டோம். தலைப்பாலை ஊற்றி லேசாக நுரை கட்டியதும் அடுப்பை அணைத்துவிட வேண்டும், கொதித்தால் திரிந்துபோகும். கரீபியத் தீவான கிரெனடாவின் குவாவ் என்ற மீனவர் ஊரில், கடற்கரையில் மூன்று கல் கூட்டி ஏற்றிய பானையில் தேங்காய்ப்பால் வெகு நேரமாகத் தளதளவென்று கொதித்துக்கொண்டிருந்தது. எனக்குக் கை பரபரத்தது.

பானையில் இருந்தது ஆயில் டவுன், அந்த நாட்டின் தேசிய உணவு. அதற்கு உயிர் ஈரப்பலாக்காய். எங்கள் பக்கம் சீமைச்சக்கை. சமைத்த அம்மாள் (டான்டி என்று கூப்பிட்டார்கள்) காயைத் தட்டிப் பார்க்கவில்லை, தோலைத்தான் பார்த்தார். பால் கசிந்து காய்ந்த புள்ளி இருந்தால் முற்றிய காய். நடுத்தண்டை நீக்கி, பிறை பிறையாக அரிந்து, உப்பிட்ட பன்றிவாலோடு அடுக்கினார். மேலே மாவு உருண்டை, சேம்பிலை, மஞ்சள் கரைத்த தேங்காய்ப்பால். உச்சியில் ஒரு முழு மிளகாய், உடையாமல்.

தீவின் வடக்கிலிருந்து வந்திருந்த ஓர் இளைஞன் மூடியைத் திறந்து கரண்டியை விட்டான்.

“டான்டி, அடி பிடிக்கப்போகுது.”

“பிடிக்காது. எண்ணெய் இறங்கணும். கரண்டியை எடு.”

அவன் ஊரில் கிண்டித்தான் விடுவார்களாம். சுற்றி நின்றவர்கள் உடனே இரண்டு கட்சியானார்கள். குரல்கள் உயர்ந்தன. ஒரு காய்க்காக இவ்வளவு வீம்பா என்று வியந்தேன்; இந்த மரம் இங்கே வந்த கதையை நினைத்ததும் அந்த வீம்பின் மேல் மரியாதை வந்துவிட்டது.

அடிமைகளின் வயிற்றை மலிவாக நிரப்பக் கரும்புத் தோட்ட முதலாளிகள் தேடிய மரம் இது. தஹிதியிலிருந்து கன்று ஏற்றிவந்த வில்லியம் பிளையின் பவுண்டி கப்பலில் 1789இல் கலகம் மூண்டது; ஆயிரத்துக்கும் மேற்பட்ட கன்றுகள் கடலுக்குப் போயின. பிளை மறுபடி போனார். 1793இல் பக்கத்துத் தீவான செயின்ட் வின்சென்ட்டிலும் ஜமைக்காவிலும் கன்றுகள் இறங்கின. யாருக்கென்று கொண்டுவந்தார்களோ அவர்கள் அதை எளிதில் ஏற்கவில்லை; காய் பன்றிகளுக்குப் போனது. விதையில்லாத மரம். வேரில் வெடிக்கும் கன்றை யாராவது பிரித்து நட்டால்தான் அடுத்த மரம். இன்று கொல்லைக்குக் கொல்லை நிற்கிறதென்றால், பின்னால் வந்தவர்கள் விரும்பி நட்டிருக்கிறார்கள். முதலாளிகளின் கணக்கில் இருந்தது வயிறு நிறைவது மட்டும்தான். பாலும் மஞ்சளும் சேம்பிலையும் சமைத்தவர்கள் சேர்த்தவை.

பால் முழுக்க வற்றி, பிரிந்த எண்ணெய் அடியில் நின்றபோது பானையை இறக்கினார்கள். திரிந்துபோகும் என்று நான் பயந்ததுதான் அங்கே பக்குவம். துண்டு குழையாமல் நின்றது. ஆனால் எண்ணெயும் உப்பும் நடுவரை ஊறியிருந்தன. கிண்டியிருந்தால் எல்லாம் கூழாகியிருக்கும் என்று அந்த இளைஞனிடம் சொன்னேன். இரண்டாம் முறை தட்டை நீட்டிக்கொண்டே அவன் மறுத்தான். நான் டான்டியின் கட்சி.