லாத்தா இஸ்கந்தாரில் விழுந்த மோதிரம்

தாப்பாவிலிருந்து கேமரன் மலைக்கு ஏறும் பழைய சாலையில் போய்வந்த வாசகர்களுக்கு அதன் வளைவுகளைப் பற்றி நான் சொல்லத் தேவையில்லை. தானா ராத்தா வரை ஏறக்குறைய 60 கிலோமீட்டர். வில்லியம் கேமரன் இந்த மலையை அளக்க வந்தது 1885-இல். சாலை போட்டு முடிய 1931 ஆகிவிட்டது. இப்போது சிம்பாங் பூலாய் வழியாக அகலமான சாலை இருப்பதால் பலர் இந்தப் பக்கமே வருவதில்லை.

என் தாயார் விடவில்லை. "நான் இறங்கி வந்த ரோட்டுலதான் ஏறணும்" என்றார். அவர் பிறந்தது மேலே ஒரு தேயிலைத் தோட்டத்து லயத்தில். பதினேழு வயதில் வாழ்க்கைப்பட்டுக் கீழே ரப்பர் தோட்டத்துக்கு வந்தவர். அப்பா காலமான பிறகு, பிறந்த லயத்தை ஒரு தடவை பார்த்துவிட வேண்டும் என்று சொல்லிக்கொண்டே இருந்தார். பள்ளி விடுமுறை விட்டதும் புறப்பட்டோம்.

என் கார் வயதானது. இருபது கிலோமீட்டருக்கு மேல் ஏறியதும் சூட்டு முள் சிவப்புக் கோட்டைத் தொட்டது. நல்லவேளையாக லாத்தா இஸ்கந்தார் நீர்வீழ்ச்சி வந்துவிட்டது. சாலையை ஒட்டியே அருவி கொட்டுகிற இடம். ஓராங் அஸ்லி மக்கள் பெத்தாயும் காட்டுத்தேனும் விற்கும் கடைகள் உண்டு. முக்கால் மணி நேரம் ஆறவிட்டேன். சூடாக இருக்கும்போது ரேடியேட்டர் மூடியைத் திறந்தால் கொதிநீர் முகத்தில் பீறிடும் என்பது எனக்குத் தெரியும். எனக்குத் தெரிந்தது அவ்வளவுதான்.

துணியைப் போட்டு மூடியைத் திறந்து தண்ணீர் ஊற்றினேன். கை நனைந்தது. விரலிலிருந்து மோதிரம் நழுவி, எங்கோ இரண்டு முறை 'டிங், டிங்' என்று பட்டுச் சத்தம் அடங்கியது.

அது அரைப் பவுன் மோதிரம். ஆசிரியர் பயிற்சிச் சான்றிதழோடு நான் வீட்டுக்கு வந்த அன்று, பால்மரம் வெட்டிய என் தந்தை தம் விரலிலிருந்து கழற்றிக் கொடுத்தது. அவர் விரல் தடிமன்; அதனால் என் மனைவி அடியில் நூல் சுற்றி வைத்திருந்தாள். அந்த நூல்தான் தளர்ந்திருந்தது.

பதற்றத்தில் கையை உள்ளே நுழைத்தேன். "சார், கைய எடுங்க!" என்று ஒரு சத்தம். காய்கறி லோரி ஓட்டிவந்த தம்பி, கடையில் தேநீர் குடித்துக்கொண்டிருந்தவர், ஓடிவந்தார். "எஞ்சின் நின்னாலும் சூடு இருந்தா விசிறி தானா சுத்தும் சார். விரல் போயிடும்." முதல் வேலையாக பத்தாம் நம்பர் ஸ்பானரால் பேட்டரியின் நெகட்டிவ் வயரைக் கழற்றினார். காரை ஓர் அடிகூட நகர்த்தக் கூடாது, எஞ்சினை முடுக்கவே கூடாது என்றார். மோதிரம் பெல்ட்டில் சிக்கினால் மோதிரமும் போகும், பெல்ட்டும் போகும்.

"காந்தம் இருக்குதா தம்பி?" என்று கேட்டேன். "அப்பா, தங்கத்தைக் காந்தம் இழுக்காது" என்றான் என் மகன். வருடா வருடம் வகுப்பில் அந்தப் பாடத்தை நடத்துபவன் நான்!

முதலில் காருக்கு அடியில் எட்டிப் பார்த்தோம். தரையில் இல்லை, ஆகவே உள்ளேதான் எங்கோ தங்கியிருக்கிறது. பக்கத்தில் அருவித் தண்ணீர் ஓடும் கால்வாய். விழுந்து உருண்டால் பிடிக்க முடியாது என்று, கோணிச் சாக்கு ஒன்றை அடியில் விரித்தார் அந்தத் தம்பி. பிறகு என் மனைவியின் பவுடர் டப்பாக் கண்ணாடியை உள்ளே சாய்த்துப் பிடித்து, டார்ச் அடித்து, மூலைமூலையாகப் பார்த்தோம்.

அம்மா பாறைமேல் உட்கார்ந்திருந்தார். "மனுசனே போயிட்டாரு. மோதிரம் போனா போவுது, வாங்க" என்றார். ஆனால் எழுந்திருக்கவில்லை.

அரை மணி நேரத்துக்குப் பிறகு மகன்தான் கண்டான். ரேடியேட்டருக்கு அடியில் இருக்கும் குறுக்குச் சட்டத்தின் பள்ளத்தில் மஞ்சளாக ஒரு கீற்று. விரல் எட்டாது. ஈர்க்குச்சி நுனியில் கிரீஸ் தடவி ஒட்டி எடுக்கப் பார்த்தோம். அந்தச் சூட்டில் கிரீஸ் இளகிவிட்டது. என் சட்டை தொங்கிய கம்பி ஹேங்கரை நிமிர்த்தி, நுனியைக் கொக்கியாக வளைத்தார். இரண்டு தடவை மாட்டி நழுவியது. மூன்றாம் தடவை எண்ணெய்க் கறுப்போடு மேலே வந்தது. எனக்குத் தொண்டை அடைத்துக்கொண்டது.

காசு கொடுத்தேன், வாங்கவில்லை. அம்மா கொடுத்த முறுக்குப் பொட்டலத்தை மட்டும் வாங்கிக்கொண்டார். வயரை மாட்டும்போது தம் வெறும் விரல்களைக் காட்டினார். "கல்யாண மோதிரம் வீட்டுலதான் சார். பேட்டரி முனையில மோதிரமும் ஸ்பானரும் ஒண்ணா பட்டா, நொடியில பழுத்து விரல வேக வச்சிடும்."

தோட்டத்தை அடையும்போது பனி இறங்கியிருந்தது. அம்மா பிறந்த லயம் இல்லை. அந்த இடத்தில் காய்கறிப் பாத்திகள். ஒரு கொய்யா மரத்தை மட்டும் அடையாளம் கண்டு, அதன் அடியில் வெகுநேரம் நின்றார். முந்தானை முடிச்சை அவிழ்த்து, அருவியில் கழுவி முடிந்துவைத்திருந்த மோதிரத்தை எடுத்துப் பார்த்துவிட்டு, மறுபடி முடிந்துகொண்டார்.

இரவு விடுதியில், "அம்மா, மோதிரம்?" என்று கையை நீட்டினேன்.

"எங்கிட்டயே இருக்கட்டும்ப்பா. நாளைக்கு இறங்கும்போது நீ திரும்பவும் அந்த மூடியத் தெறப்ப" என்றார்.