டெய்லரக்கா வீட்டு ஏழு சாக்குகள்

கட்டிலுக்கு அடியில் மூன்று, பீரோவின் மேல் இரண்டு, மாடிப்படிக்குக் கீழே இரண்டு. ஆக மொத்தம் ஏழு சாக்கு. அத்தனையும் வெட்டுத்துணி.

திருப்பூருக்குப் பக்கத்தில் ஒரு சின்ன ஊர். அங்கே 'டெய்லரக்கா வீடு' என்று கேட்டால்தான் வழி சொல்வார்கள். நிஜப் பேரைச் சொன்னால் பக்கத்து வீட்டுக்காரருக்கே ஒரு நிமிடம் யோசிக்க வேண்டியிருக்கும். 30 வருடங்களுக்கு மேல் ஊர்ப் பெண்களுக்கு ரவிக்கை தைத்தவர். போன வருடம் ஒரு கண்ணில் புரை ஆபரேஷன் முடிந்தது. இன்னொரு கண் பாக்கி. கொக்கி கட்டுவதும் கழுத்துக்கு பைப்பிங் வைப்பதும் சிரமமாகிவிட, "புதுசா துணி வாங்கறதில்லைங்க" என்று எல்லோரிடமும் சொல்லிவிட்டார்.

பொங்கலுக்கு வெள்ளையடிக்க வேண்டும். கோயம்புத்தூரிலிருந்து மகள் தன் எட்டு வயதுப் பெண்ணோடு வந்து இறங்கினாள். சேலையை இழுத்துச் செருகிக்கொண்டு அவள் முதலில் கைவைத்தது அந்தச் சாக்குகளில்தான்.

"அம்மா, இதையெல்லாம் போகிக்குப் போட்டுரலாமா?"

"பாதிக்கு மேல பாலியஸ்டரு. கொளுத்துனா தெருவே மூச்சு முட்டிப் போயிரும் கண்ணு."

"அப்போ குப்பை வண்டில ஏத்தி விடறேன்."

டெய்லரக்கா பதில் சொல்லவில்லை. அதற்குள் பேத்தி ஒரு சாக்கின் வாயைப் பிரித்துவிட்டாள். மாம்பழ மஞ்சள், கிளிப் பச்சை, அரக்கு, வாடாமல்லி என்று தரையெல்லாம் நிறம். நாலு துண்டை எடுத்து இடுப்பில் வைத்துக்கொண்டு, "அம்மிச்சி, எனக்கு இதுல ஒரு பாவாடை தெச்சுத் தாங்க!" என்று குதித்தாள்.

"அந்தத் துணிலயா? வேண்டவே வேண்டாம்!"

மகளின் குரல் தேவைக்கு மேல் உயர்ந்துவிட்டது. குழந்தை துண்டுகளைக் கீழே போட்டது. டெய்லரக்கா மகளின் முகத்தையே ஒரு கணம் பார்த்தார். பிறகு குனிந்து, ஒவ்வொன்றாகப் பொறுக்கினார்.

காற்றில் பறந்த பாவாடை

அன்று ராத்திரி குழந்தை தூங்கிய பிறகுதான் மகள் பேசினாள். 23 வருடமாகச் சொல்லாத விஷயம்.

ஆறாம் வகுப்பு படிக்கும்போது, குழந்தைகள் தினத்துக்குக் கலர் டிரெஸ் போட்டு வரச் சொன்னார்கள். அப்போது வீட்டில் புதுத்துணி எடுக்க வழியில்லை. அம்மா இரண்டு ராத்திரி விழித்து, எட்டு நிறத்தில் எட்டுத் துண்டு சேர்த்து ஒரு பாவாடை தைத்துக் கொடுத்தார். காலையில் அதைக் கட்டிக்கொண்டு சுற்றியபோது குடை விரிந்த மாதிரி இருந்தது.

பள்ளியில் ஒருத்தி ஒரு துண்டைத் தொட்டுக் காட்டினாள். "இது எங்கம்மா ரவிக்கைத் துணி. உங்கம்மா திருடிட்டாங்க."

சுற்றி நின்ற பிள்ளைகள் ஒவ்வொரு துண்டாகக் காட்டி, "இது யாருது? இது யாருது?" என்று கேட்டுச் சிரித்தார்கள். மறுநாள் அவள் அந்தப் பாவாடையைச் சுருட்டி எடுத்துப் போய் வாய்க்காலில் விட்டுவிட்டாள். அம்மாவிடம், "கொடியில காயப் போட்டிருந்தேன், காத்துல பறந்துருச்சு" என்றாள்.

கேட்டு முடித்த டெய்லரக்கா கொஞ்ச நேரம் முந்தானை நுனியைத் திருகிக்கொண்டு இருந்தார்.

"எட்டுத் துண்டு போட்ட பாவாடை. காத்துல பறக்கற கனமா அது? எனக்கு அப்பவே தெரியும் கண்ணு."

அந்தப் பெண்ணின் அம்மாவே அடுத்த வாரம் துணி கொடுக்க வந்தபோது சிரித்துக்கொண்டே சொல்லியிருக்கிறார். ரவிக்கை வாங்கிய அன்று, மீதித் துணி வேண்டாம் என்று விட்டுப் போனதும் அவர்தான். அது அவருக்கு நினைவில்லை. டெய்லரக்காவுக்கு நினைவிருந்தது. ஆனால், காட்ட அத்தாட்சி ஏதும் இல்லை.

"சண்டை போட்டு என்ன ஆகப் போகுது? நாலு பேரு நாலு விதமாப் பேசுவாங்க. தையக்காரிக்குக் கையி சுத்தமா இருந்தாப் பத்தாது, சுத்தம்னு ஊருக்கும் தெரியோணும்."

மகளுக்கு அப்போதுதான் புரிந்தது. தைத்து முடித்த ஒவ்வொரு ரவிக்கையோடும், மிஞ்சிய துண்டையெல்லாம் சேர்த்து ஒரு ஊக்கில் குத்திக் கொடுப்பது அம்மாவின் வழக்கம். விரல் அகலத் துண்டைக்கூட விடமாட்டார். அம்மாவின் கண்டிப்பு என்றுதான் அவள் நினைத்திருந்தாள். அந்த வழக்கம் தன் பாவாடை காணாமல் போன வாரத்தில் தொடங்கியது என்பது அவளுக்குத் தெரியாது.

வாங்கிப் போகிறவர்கள் பெரும்பாலும் ஊக்கைக் கழற்றி, துண்டைத் திண்ணையிலேயே வைத்துவிட்டுப் போவார்கள். "இது எதுக்குக்கா, நீங்களே வெச்சுக்கங்க." அப்படித் திரும்பி வந்ததுதான் ஏழு சாக்கு. அதற்குப் பிறகு வீட்டுக்கென்று அதிலிருந்து ஒரு துண்டைக்கூட அவர் தைக்கவில்லை. தூக்கிப் போடவும் மனம் வரவில்லை.

ஊரில் வெட்டுத்துணிக்கு மதிப்பில்லாமல் இல்லை. திருப்பூர் பனியன் கம்பெனிகளில் கட்டிங் டேபிளிலிருந்து விழும் துண்டுகளைக் கிலோ கணக்கில் வாங்கிப் போக ஆள் உண்டு. நிறம் பிரித்து, பெரிய துண்டுகள் மெஷின் துடைக்கப் போகும். சின்னவை மில்லுக்குப் போய்ப் பஞ்சாகி, மறுபடி நூலாகும். ஆனால், ரவிக்கைக் கடை வெட்டுத்துணி ஒன்று காட்டன், ஒன்று சில்க், ஒன்று பாலியஸ்டர் என்று கலந்து கிடக்கும். அதைத் தேடி யாரும் வரமாட்டார்கள். வீட்டில் உட்கார்ந்து ஒருவர் பிரித்தால்தான் உண்டு.

"சரி, பிரிக்கலாம்" என்றாள் மகள்.

முதலில் பிரி, பிறகு வெட்டு

மறுநாள் காலை திண்ணையில் மூன்று குவியல் போட்டார்கள். காட்டன், சில்க், சிந்தெடிக். சந்தேகமான துணியில் ஒரு நூலை மட்டும் உருவி, இடுக்கியில் பிடித்து நெருப்பில் காட்டினார் டெய்லரக்கா. காட்டன் என்றால் காகிதம் எரிகிற வாசம் வரும், சாம்பல் தொட்டால் உதிரும். பாலியஸ்டர் உருகிச் சுருண்டு, கெட்டியாக மணி போல ஆகிவிடும். "ரெண்டும் கலந்தாப்பல இருந்தா சிந்தெடிக் பக்கம் போட்டுரு."

இது எதற்கு என்று மகளுக்கு மதியமே தெரிந்தது. அவள் ஆசையாகப் பளபளப்புத் துணியில் ஒரு பிடிதுணி தைத்து, அடுப்பிலிருந்து வடைச்சட்டியை இறக்கினாள். துணி இளகிச் சட்டியின் காதோடு ஒட்டிக்கொண்டது. நல்லவேளை, கையில் படவில்லை.

"அடுப்படிக்கு காட்டன் மட்டுந்தான். உள்ள வெக்கற துணியும் காட்டனா இருக்கோணும். ஈரமாயிருந்தா அதையும் தொடாதே, சூடு சட்டுனு ஏறிரும்" என்று சொல்லி, டெய்லரக்காவே மெஷினில் உட்கார்ந்தார்.

துண்டுகளை முதலில் நனைத்துக் காயவைத்து இஸ்திரி போட்டாயிற்று. இல்லாவிட்டால் முதல் துவையலில் ஒன்று சுருங்கும், ஒன்று சுருங்காது, தைத்தது கோணிக்கொள்ளும். பிறகு துண்டுகளைக் கால் இஞ்ச் தையலில் சேர்த்து, 8 இஞ்ச் சதுரமாக இரண்டு. நடுவில் பழைய காட்டன் டவல் இரண்டு மடிப்பு. குறுக்கும் நெடுக்கும் தையல் ஓட்டி, ஓரத்துக்கு 2 இஞ்ச் பட்டி வைத்து அடித்து, மாட்டுவதற்கு ஒரு மூலையில் காது. அரை மணி நேரத்தில் ஒரு பிடிதுணி தயார்.

கொக்கி கட்டத் தெரியாத கண்ணுக்கு நேர்த்தையல் நன்றாகவே தெரிந்தது.

நீளமான துண்டுகளை 2 இஞ்ச் அகலத்துக்குக் கிழித்து, ஜடை பின்னுகிற மாதிரி மூன்றாகப் பின்னினாள் பேத்தி. அதைத் தரையில் வைத்துச் சுருட்டி, கெட்டி நூலில் கோத்தால் மிதியடி. மடியில் வைத்துத் தைத்தால் கிண்ணம் மாதிரி குழிந்துவிடும் என்பதால், தரையை விட்டு எடுக்கக் கூடாது. டைல்ஸ் தரையில் வழுக்கும் என்பதால், அடியில் பழைய ரப்பர் விரிப்பை வெட்டி வைத்துத் தைத்தார்கள். பெரியவர்கள் இருக்கும் வீட்டில் இதை மறக்கவே கூடாது.

லைனிங் துணியில் மிஞ்சிய பெரிய துண்டுகள் 14-க்கு 16 இஞ்ச் கடைப்பைகள் ஆயின. கைப்பிடி சேரும் இடத்தில் சதுரமாகத் தைத்து, உள்ளே பெருக்கல் குறி போட்டால் அஞ்சு கிலோ அரிசிக்கும் பிய்யாது. 2019 ஜனவரி 1-ல் தமிழ்நாட்டில் ஒருமுறை மட்டும் பயன்படுத்தும் பிளாஸ்டிக் பைகளுக்குத் தடை வந்தது. 2021 டிசம்பரில் 'மீண்டும் மஞ்சப்பை' வந்தது. அதற்குப் பிறகும் கடைக்குக் கைவீசிப் போகிறவர்கள்தான் அதிகம். வண்டி டிக்கியில் ஒரு பை மடித்துக் கிடந்தால் மறக்காது.

பட்டுத் துண்டுகள் சுருக்குப்பை ஆயின. எதற்கும் ஆகாத பொடித் துண்டுகளும் சிந்தெடிக்கும் முக்காலி மேல் போடும் மெத்தைக்குள் போயின. தலைக்குக் கனம் என்பதால் தலையணைக்கு மட்டும் அடைக்கவில்லை.

ஒன்றை மட்டும் டெய்லரக்கா கடைசிவரை அனுமதிக்கவில்லை. கடைப்பைக்கு ஓரப்பட்டி வைக்க, அரை மீட்டர் புதுத்துணி வாங்கி வரட்டுமா என்று கேட்டாள் மகள். "மீதியத் தீக்கறதுக்குப் புதுசு வாங்குனா, அதுல ஒரு மீதி வருமே" என்றார்.

மிஞ்சியதை இணைத்துப் புதிதாக்கும் வழக்கம் எல்லா ஊரிலும் உண்டு. வங்காளத்தில் பழைய சேலைகளை அடுக்கித் தைக்கும் காந்தா, வட கர்நாடகத்தில் துண்டுத்துணிகளைச் சேர்த்துத் தைக்கும் கவுதி என்னும் போர்வை எல்லாம் இப்படிப் பிறந்தவைதான். 2004 சுனாமிக்குப் பிறகு, ஆரோவில்லைச் சுற்றியுள்ள மீனவப் பெண்கள் வெட்டுத்துணியில் 'சுனாமிகா' என்ற சின்னஞ்சிறு பொம்மையைச் செய்தார்கள். அதை விற்பதில்லை, பரிசாக மட்டுமே தருகிறார்கள்.

உங்க துணிதானுங்க

பொங்கல் முடிந்த மூன்றாம் நாள், பழைய வாடிக்கைக்காரம்மா ஒருவர் வந்தார். ரவிக்கையைக் கொஞ்சம் பிரித்துவிடச் சொல்லி எப்போதோ கொடுத்ததை வாங்கிப் போக. பிரித்ததற்குக் காசு வேண்டாம் என்று சொன்ன டெய்லரக்கா, கூடவே ஒரு ஜோடி பிடிதுணியையும் நீட்டினார்.

அந்தம்மா அதைத் திருப்பிப் பார்த்தார். விரல் ஒரு துண்டில் நின்றது.

"அட, இது என் ரவிக்கைத் துணியாச்சே! என் நாத்தனார் கல்யாணத்துக்கு எடுத்தது. எத்தனை வருசமாச்சு!"

உள்ளே மெஷினுக்குப் பக்கத்தில் தரையில் உட்கார்ந்திருந்த மகளின் கை அப்படியே நின்றது. அவள் மடியில் ஆறு நிறத் துண்டுகள் இருந்தன. அவளே தேடித் தேடி எடுத்தவை. பேத்தியின் பாவாடைக்கு இன்னும் இரண்டு வேண்டும்.

"உங்க துணிதானுங்க. அன்னிக்கே ஊக்குல குத்திக் குடுத்தேன், நீங்கதான் வெச்சுட்டுப் போயிட்டீங்க. இப்பத்தான் குடுக்க முடிஞ்சுது" என்றார் டெய்லரக்கா.

அந்தம்மா சிரித்துக்கொண்டே பிடிதுணியைப் பைக்குள் வைத்தார். உள்ளே மகள் ஏழாவது துண்டைத் தேட ஆரம்பித்தாள்.