முத்து மாலையும் மச்சான் பிடித்த கயிறும்

இங்கிலாந்தில் ராஜாவுக்கு மனநிலை சரியில்லாமல் போக, மகன் பொறுப்பேற்று ஆண்ட காலம் 1811 முதல் 1820 வரை. அதைத்தான் 'ரீஜென்சி' என்கிறார்கள். ஒன்பதே வருஷம்! அதை வைத்து எழுதப்பட்ட காதல் நாவல்களுக்குக் கணக்கே இல்லை. ஜார்ஜெட் ஹேயர் 1935ல் 'ரீஜென்சி பக்' எழுதினார். அவர் போட்ட பாதையில் இன்னும் எழுதிக்கொண்டே இருக்கிறார்கள்.

அப்படி என்னதான் இருக்கிறது அவற்றில்? ஒரு நடன விருந்து, ஒரு கடிதம், கையுறை கழற்றிய ஒரு கை. அவ்வளவுதான். ஆனால் ஒரு பெண் தனியாக நாலு வார்த்தை பேசினாலே பெயர் கெட்டுவிடும் என்ற கட்டுப்பாடு இருக்கிறதே, அங்கேதான் சுவாரஸ்யம். ஒரு பார்வைக்கே அத்தனை விலை! (நம் ஊர் பஸ் ஸ்டாண்டுகளுக்கு இது புதுசா என்ன?) கடைசியில் கல்யாணம் நிச்சயம் என்பதால் நிம்மதியாகவும் படிக்கலாம்.

நம்மிடம் அந்த இடம் சாண்டில்யனுக்கு. முத்துக்கரையையே களமாக வைத்து 'ராஜ முத்திரை' எழுதினார். 13ஆம் நூற்றாண்டு, கொற்கை முத்துகள் களவு போகின்றன, பாண்டிய இளவரசி கடத்தப்படுகிறாள், வீரபாண்டியன் கிளம்புகிறான். வீட்டில் பைண்டு செய்த சாண்டில்யன் இருந்தவர்களுக்கு அந்த வேகம் தெரியும்.

இரண்டிலும் முத்து கழுத்தில்தான் மின்னும். அதை எடுத்தவன் கதாநாயகன் ஆவதில்லை. ரீஜென்சி சீமாட்டிகள் ஆடிக்கொண்டிருந்த அதே வருஷங்களில் தூத்துக்குடி ஆங்கிலேயருக்கும் டச்சுக்காரருக்கும் இடையே கை மாறிக்கொண்டிருந்தது. 1825ல்தான் ஆங்கிலேயரிடமே நிலைத்தது. யார் ஆண்டாலும், கல்லைக் காலில் மாட்டி, மூச்சை அடக்கி இறங்கியவன் இந்தக் கரைக்காரன்தான்.

ஜோ டி குரூஸின் 'கொற்கை' (2013ல் சாகித்ய அகாதமி விருது) இந்தக் கரை மக்களைப் பற்றிப் பேசுகிறது. ஆனால் அது காதல் நாவல் அல்ல. படித்துவிட்டு நிம்மதியாகத் தூங்க முடியாது.

முத்துக் குளிப்பவனைக் கதாநாயகனாக வைத்து ஒரு காதல் நாவல் வரக்கூடாதா? கட்டுப்பாடும் பந்தமும் இங்கேயும் உண்டு. உள்ளே இறங்குகிறவனின் கயிற்றை மேலே மச்சான்தான் பிடிப்பானாம், பெண்டாட்டியின் அண்ணனோ தம்பியோ. கூடப் பிறந்தவள் தாலியறுக்க அவன் விடமாட்டான் என்ற நம்பிக்கை. 1961க்குப் பிறகு பெரிய முத்துக்குளிப்பு நடக்கவில்லை. ஆனால் அந்தப் பேச்சு இன்னும் இருக்கிறது. பிடிக்காத மாப்பிள்ளை, வேண்டா வெறுப்பாகக் கயிறு பிடிக்கும் மச்சான், கரையில் நிற்கும் அவள்... முதல் அத்தியாயத்துக்கு இது போதாதா?