இருந்த இடத்திலேயே கரை மாறிய ஊர்

வரைபடத்தில் எல்லைக்கோடு ஆற்றோடு ஒட்டிக்கொண்டே போனால் எனக்கு அலுத்துவிடும். கோடு ஒரு பக்கம், ஆறு ஒரு பக்கம் என்று பிரிகிற இடத்தில்தான் ஏதாவது வில்லங்கம் இருக்கும். அமெரிக்காவின் இல்லினாய் மாநிலத்தில், ராண்டால்ஃப் கவுண்டியில் அப்படி ஒன்று உண்டு. கிழக்கே இல்லினாய், மேற்கே மிசௌரி, நடுவே மிசிசிப்பி என்று ஒழுங்காக இறங்கிவரும் எல்லை, திடீரென்று ஆற்றை விட்டு மேற்கே ஒரு வளைசல் போட்டுத் திரும்புகிறது. வளைசலுக்குள் மக்காச்சோளமும் சோயாவும் விளையும் வண்டல் பூமி. அதில் கஸ்காஸ்கியா என்று ஒரு சிற்றூர். 2020 கணக்கெடுப்பில் 21 பேர்.

1818-இல் இல்லினாய் மாநிலமானபோது இந்த ஊர்தான் தலைநகர் என்றால் நம்பச் சிரமமாக இருக்கும். பிரெஞ்சுக்காரர்கள் 1703-இல் வந்து குடியேறி, ஆற்றை முகமாக வைத்துப் பட்டை பட்டையாக நிலம் பிரித்துக்கொண்டார்கள். இங்கே விளைந்த கோதுமை மாவாகி, படகேறி நியூ ஆர்லியன்ஸுக்குப் போயிற்று. பிறகு நீராவிப் படகுகள் வந்தன. அவற்றின் அடுப்புக்கு விறகு வேண்டும். கரையோர மரங்களை வெட்டினார்கள். பிடிமானம் போன கரை இளகிற்று. 1881 வெள்ளத்தில் மிசிசிப்பி குறுக்கே உடைத்துக்கொண்டு, கிழக்கே ஓடிய சின்ன ஆறான கஸ்காஸ்கியாவின் தடத்தில் புகுந்து அதையே தன் தடமாக்கிக்கொண்டது. பழைய ஊரின் பெரும்பகுதி தண்ணீரில் போயிற்று. மிச்ச நிலம் நகராமலே மேற்குக் கரை ஆகிவிட்டது.

இதற்கு இரண்டு வருஷம் கழித்து மார்க் ட்வெய்ன் மிசிசிப்பியைப் பற்றிய தன் புத்தகத்தை வெளியிட்டார். இளமையில் அந்த ஆற்றில் படகு ஓட்டிச் சம்பாதித்த மனிதர். அதன் புத்தி அவருக்கு அத்துபடி. ஆறு இப்படி வளைவுகளை வெட்டி வெட்டி 176 ஆண்டுகளில் 242 மைல் குட்டையாகிவிட்டது என்று கணக்குப் போடுகிறார். அதே வேகத்தில் போனால் இன்னும் 742 ஆண்டுகளில் அதன் கீழ்ப்பகுதி இரண்டு மைலுக்கும் குறைந்துவிடும், இல்லினாயின் கெய்ரோ நகரமும் நியூ ஆர்லியன்ஸும் ஒரே நகராட்சியாகிவிடும் என்று முகத்தில் சிரிப்பே இல்லாமல் முடிக்கிறார். புள்ளிவிவரத்தை வைத்துக்கொண்டு எதிர்காலம் சொல்கிற நிபுணர்களுக்கெல்லாம் அந்தப் பக்கத்தைக் கட்டாயப் பாடமாக வைக்கலாம்.

ஆனால் அதே இடத்தில் இன்னொன்றும் சொல்கிறார். அடிமைக் காலத்தில் ஆறு இப்படித் தாவியிருந்தால், மிசௌரியின் அடிமை ஒருவன் இல்லினாய்க்காரனாகி விடுதலை பெற்றிருப்பானாம். அழகான கற்பனைதான், சட்டம் ஒத்துக்கொள்ளாது. 1892-இல் நெப்ராஸ்காவுக்கும் ஐயோவாவுக்கும் நடந்த வழக்கில் அமெரிக்க உச்ச நீதிமன்றம் தெளிவாகச் சொன்னது: ஆறு கரையைக் கொஞ்சம் கொஞ்சமாக அரித்து நகர்ந்தால் எல்லையும் கூடவே நகரும், திடீரென்று தடம் மாறினால் எல்லை பழைய தடத்திலேயே நிற்கும். வருஷத்துக்கு ஒரு விரல்கடை வரப்பைச் செதுக்கும் பங்காளிக்கு நிலம் உண்டு, ஒரே ராத்திரியில் பாய்ந்தவனுக்கு இல்லை. எனக்கு இது நியாயமாகவே படவில்லை. பாய்ந்தவனாவது ஒளிவுமறைவில்லாமல் பாய்ந்தான்.

பதினைந்தாம் லூயி மன்னர் பேரால் வந்த 1741-ஆம் வருஷத்து மணி ஒன்று இன்னும் கஸ்காஸ்கியாவில் இருக்கிறது. 1778 ஜூலை 4-இல் ஆங்கிலேயரிடமிருந்து அமெரிக்கர்கள் ஊரைப் பிடித்தபோது அடித்த மணி. 1993 வெள்ளத்தில் ஊருக்குள் ஒன்பது அடிக்குமேல் தண்ணீர். எல்லாரையும் வெளியேற்றினார்கள், பிறகு சிலர் திரும்பி வந்தார்கள். வண்டலை விட்டுப் போக மனசு வருமா?

ஓட்டு இல்லினாயில், தொலைபேசிக் குறியீடும் இல்லினாய், அஞ்சல் எண் மட்டும் மிசௌரி. கவுண்டி அலுவலகம் எதிர்க்கரையில் செஸ்டரில் இருக்கிறது. பத்திர வேலை என்றால் மிசௌரிக்குள் இறங்கி, சுற்றிக்கொண்டு, பெரிய பாலம் ஏறிச் சொந்த மாநிலத்துக்கு வரவேண்டும். பாலத்தருகே ஒரு சிலை நிற்கிறது: பாப்பாய், கீரை தின்று புஜம் புடைக்கும் அதே மாலுமி. அவனை வரைந்த சீகர் பிறந்தது செஸ்டரில். கடலே இல்லாத ஊர்க்காரர் கடலோடியை வரைந்திருக்கிறார்.