அஜந்தாவில் கண்ட கோடு

பிழைப்பின் பொருட்டு இப்பக்கம் வந்து குடியேறிய நம்மவர்க்கு, விடுமுறை கிட்டினால் காசியும் நாசிக்கும் நினைவுக்கு வரும். அவ்வரிசையில் அஜந்தாவையும் சேர்த்துக்கொள்ளுதல் நன்று. மும்பையிலிருந்து ரயிலில் சென்று ஜல்காவில் இறங்கினால், அங்கிருந்து சாலை வழியே ஏறக்குறைய 60 கிலோமீட்டர். திங்கட்கிழமையன்று குகைகள் மூடப்பட்டிருக்கும் என்பதை மட்டும் மறவாதிருத்தல் வேண்டும்.

வாகோரா என்னும் சிற்றாறு வளைந்தோடும் பள்ளத்தாக்கில், குதிரை லாடம் போன்ற செங்குத்துப் பாறையில் 30 குகைகள் குடையப்பட்டுள்ளன. சில கிறிஸ்துவுக்கு முற்பட்டவை. பெரும்பாலானவை ஐந்தாம் நூற்றாண்டில் வாகாடக மன்னன் ஹரிசேணன் காலத்தையொட்டி எழுந்தவை.

வெயிலிலிருந்து 1ஆம் குகைக்குள் நுழைந்தவுடன் கண்ணுக்கு ஒன்றும் புலப்படாது. சற்றுப் பொறுத்து நின்றால், இருளினின்று முதலில் எழுந்து வருவது கோடு; வர்ணம் பின்னரே வருகிறது. நீலத் தாமரையை ஏந்திய பத்மபாணியைப் பாருங்கள். புருவம் ஒரே வீச்சில் வளைந்த கோடு. தாழ்ந்த இமைக்கு மற்றொன்று. கழுத்திலிருந்து தோளுக்கும், தோளிலிருந்து கைக்கும் இறங்கும் கோடு எங்கும் தடுமாறவில்லை. நிழல் தீட்டும் முறையும் அவ்வோவியர்க்குத் தெரியும். ஆயினும் உருவத்தைத் தாங்கி நிற்பது கோடே. கருணை என்னும் கண்ணுக்குத் தெரியாத பொருளை, இமையின் ஒரு வளைவு நமக்குக் காட்டிவிடுகிறது!

அவர்கள் வேலை செய்த முறையும் இதற்கேற்றதே. பாறையின் மீது உமியும் நாரும் கலந்த மண்ணைப் பூசி, அதன்மேல் மெல்லிய சுண்ணாம்புப் பூச்சு இட்டனர். செங்காவியால் உருவை வரைந்து, வர்ணங்களை நிரப்பினர். பின்னர்ப் பழுப்பு அல்லது கறுப்பு மையால் கோட்டை மீண்டும் எழுதி முடித்தனர். தொடக்கமும் கோடு, முடிவும் கோடு. சித்திரக் கலை கூறும் விஷ்ணுதர்மோத்தரம் என்னும் பழைய நூலும், ஆசான்மார் ரேகைக்கே முதலிடம் அளித்தனர் என்கிறது. 1909 முதல் 1911 வரை ஹெர்ரிங்ஹாம் அம்மையார் இங்கே நடத்திய படியெடுப்புப் பணியில் இளைஞராகப் பங்குகொண்ட நந்தலால் போஸ், பிற்காலத்தில் கோட்டின் வன்மைக்கே புகழ் பெற்றார்.

10ஆம் குகையில் வேறொரு கோடும் உண்டு. 1819ஆம் ஆண்டு ஏப்ரலில் வேட்டைக்கு வந்து இக்குகைகளைக் கண்ட ஜான் ஸ்மித் என்னும் ஆங்கிலப் படை அதிகாரி, தூணில் இருந்த ஓவியத்தின் மீதே தம் பெயரையும் தேதியையும் கீறிவைத்தார். ஒரே தூணில் இரண்டு கைகளின் கோடுகள். ஒன்று தன்னை மறந்த கை. மற்றொன்று தன்னையே எழுதிய கை. எதன்முன் நாம் தலை வணங்குகிறோம் என்பதைச் சொல்லவும் வேண்டுமோ?

கோட்டின் அருமையை அறிய நம்மவர்க்குப் பெரிய படிப்பு தேவையில்லை. அரிசிமாவை இரு விரலிடையே வழியவிட்டு, புள்ளிகளைச் சுற்றிக் கை நடுங்காமல் இழுக்கும் நம் தாய்மார் அக்கலையை நாள்தோறும் பயின்றவர்களே. அடுக்குமாடிக் குடியிருப்புகளில் வாசல் என்பதே இரண்டு முழம்தான். அவ்விடத்திலும் இப்போது அச்சிட்ட ஒட்டுக்கோலம் வந்து அமர்ந்துவிட்டது. அழகாகத்தான் இருக்கிறது, ஆனால் அதில் கை இல்லை. இங்கே பிறந்த நம் குழந்தைகள் கோலத்தைக் காண்கிறார்கள். கோடு பிறப்பதைக் காண்பதில்லை.

ஆகவே, அஜந்தாவுக்குச் செல்லும் அன்பர்கள் குழந்தைகளையும் அழைத்துச் செல்க. எல்லாக் குகைகளையும் ஓடிப் பார்க்க வேண்டா. ஒரே உருவத்தின் முன் பத்து நிமிடம் நின்று, அதன் கோட்டை விரலால் காற்றில் எழுதிப் பார்க்கச் சொல்லுக. வீடு திரும்பியபின், வாரம் ஒரு நாளேனும் கோலமாவை அவர்கள் கையில் கொடுங்கள். முதற்கோடு கோணலாகத்தான் வரும், வரட்டுமே.