மூலையில் முட்டை

தொலைநோக்கியில் படம் எடுக்க ஆரம்பித்திருக்கும் நண்பர்கள் இரண்டு பேர் ஒரே கேள்வியைக் கேட்டிருந்தார்கள். "நடுவில் நட்சத்திரம் ஊசி குத்தியது போல இருக்கிறது சார், மூலையில் மட்டும் முட்டை மாதிரி இழுத்துக்கொண்டு போகிறதே, ஏன்?" இந்த ஜனவரியில் ஏற்காட்டில் ஐந்து இரவுகள் இதே வேலையாகத்தான் இருந்தேன். அதனால் கொஞ்சம் விவரமாகவே சொல்கிறேன்.

ஏற்காட்டில் இருப்பது என் அக்கா வீடு. நாகலூர் பக்கம் சின்னக் காப்பித் தோட்டம். அக்கா வீட்டுக்காரருக்கு, மாமா என்றுதான் கூப்பிடுவேன், வயது 79. எனக்கு வானத்தைக் காட்டியவர் அவர்தான். கார்த்திகை, ரோகிணி, திருவாதிரை என்று வரிசையாகச் சொல்லிக் கொடுப்பார். மங்கலான ஒன்றைத் தேடி நான் முழித்துக்கொண்டு நின்றால், "நேரா பாக்காத மாப்ள, கொஞ்சம் தள்ளி ஓரக்கண்ணால பாரு, தெரியும்" என்பார். விழித்திரையின் நடுப்பகுதி நிறத்துக்கும் நுணுக்கத்துக்கும் ஏற்றது. இருட்டில் மங்கல் ஒளியைப் பிடிப்பது அதைச் சுற்றியுள்ள பகுதிதான். மாமா இதைப் படித்துத் தெரிந்துகொண்டவர் அல்ல, பார்த்துப் பார்த்துத் தெரிந்துகொண்டவர்.

இப்போது அவருக்கு எல்லாமே ஓரக்கண் பார்வைதான். வயதானால் வரும் மாக்குலர் டீஜெனரேஷன், இரண்டு கண்ணிலும். நேராக இருக்கிற கதவு நிலை நெளிந்து தெரிகிறது என்று ஆரம்பித்தது. இப்போது எதைப் பார்த்தாலும் நடுவில் ஒரு கறை. பக்கவாட்டில் தெரிகிறது. "அந்த மூணு நட்சத்திரத்தையும் ஒரே படமா எடுத்து, பெருசா பிரிண்ட் போட்டுக் குடு. தெரியறப்பவே பாத்துக்கறேன்" என்றார். வேட்டைக்காரன் என்கிற ஓரியன் கூட்டத்தின் இடுப்பில் வரிசையாக நிற்கும் மூன்றைத்தான் சொன்னார்.

கேட்க எளிதாக இருக்கிறது. ஆனால் அந்த வரிசையின் நீளம் வானத்தில் 2.7 பாகை. என்னுடையது 80 மி.மீ. லென்ஸ், 480 மி.மீ. குவியத் தொலைவு, அதாவது எஃப்/6. கேமராவின் சென்சார் 23.5 மி.மீ. அகலம். அகலவாக்கில் 2.8 பாகைதான் கொள்ளும். ஆகவே வரிசையை மூலைக்கு மூலை சாய்த்து வைத்தேன். அப்படி வைத்தால் இரு முனை நட்சத்திரங்களும் மூலைகளுக்குப் பக்கத்தில் போய் விழும். முட்டை விழுவதும் அங்கேதான்.

மூலை கெடுவதற்கு முக்கியமான காரணங்கள் இரண்டு. ஒன்று வளைவு. லென்ஸ் ஒளியைக் குவிப்பது தட்டையான பரப்பில் அல்ல, கிண்ணம் போல வளைந்த பரப்பில். சென்சாரோ தட்டை. நடுவில் ஃபோகஸ் வைத்தால் நான்கு மூலையும் ஒன்றுபோலத் தவறும். இன்னொன்று சாய்வு. சென்சார் ஒளியின் அச்சுக்குச் செங்குத்தாக உட்காரவில்லை என்றால் ஒரு மூலை நன்றாக இருக்கும், எதிர்மூலை கெடும். எஃப்/6 கருவியில் ஃபோகஸுக்குக் கிடைக்கும் இடமே மொத்தம் 0.09 மி.மீ. அளவுதான். கிட்டத்தட்ட ஒரு ஏ4 தாளின் தடிமன்.

வளைவு என்பது புதுத் தொல்லை அல்ல. பெர்ன்ஹார்ட் ஷ்மிட் 1930-இல் ஹாம்பர்க்கில் செய்த அகலப்பார்வை கேமராவின் குவியப் பரப்பும் வளைந்ததுதான். அந்த வகைக் கருவிகளில் பிலிமையோ கண்ணாடித் தகட்டையோ அதே வளைவுக்கு வளைத்துப் பொருத்துவார்கள். நமக்கு வடகிழக்கே ஜவ்வாது மலையில் காவலூரில் ஒரு ஷ்மிட் உண்டு. 1988 பிப்ரவரி 17 அன்று ராஜமோகன் குழுவினர் அதில் ஒரு சிறுகோளைக் கண்டுபிடித்தார்கள். 4130 ராமானுஜன் என்று அதற்குப் பெயர். அதற்கு முன் இந்தியாவில் சிறுகோள் கண்டுபிடித்தவர் சென்னை வானாய்வகத்தின் போக்சன், 1885-இல். சிலிக்கான் சென்சாரை நாம் வீட்டில் வளைக்க முடியாது. அதனால் ஒளியை நிமிர்த்தும் ஃப்ளாட்டனர் என்ற லென்ஸை இடையில் போடுகிறோம். நம் விழித்திரைக்கு அந்தக் கவலை இல்லை, அது பிறவியிலேயே வளைந்தது.

முதல் இரவு அளவெடுத்தேன். மில்லில் முப்பது வருஷம் மோட்டார் கப்ளிங் அலைன்மென்ட் பார்த்தவன். டயல் கேஜ் வைத்து நாலு பக்கமும் ரீடிங் எடுக்காமல் எந்தப் போல்ட்டையும் தொட மாட்டோம். இங்கேயும் அதேதான். ஃபோகஸர் குழாயில் டயல் கேஜைப் பொருத்தி, ஒவ்வொரு மூலையும் எந்த இடத்தில் மிகக் கூர்மையாகிறது என்று குறித்தேன். மேல் இடது 0, மேல் வலது 0.05, கீழ் இடது 0.07, கீழ் வலது 0.12 மி.மீ. நடுவில் 0.11. எதிர் மூலைகளுக்கிடையே உள்ள 0.12 சாய்வு. நான்கு மூலையின் சராசரி 0.06-க்கும் நடுவுக்கும் உள்ள 0.05 வளைவு. இரண்டும் கலந்து கிடக்கும்போது கண்ணால் பார்த்துப் பிரிக்க முடியாது, எண்ணாக எழுதினால் பிரிந்துவிடும்.

இரண்டாம் இரவு குற்றவாளி யார் என்று பார்த்தேன். கேமராவை மட்டும் 180 பாகை திருப்பி மறுபடி படம். படத்தில் கெட்ட மூலை அதே மூலையிலேயே இருந்தால் கோளாறு கேமரா பக்கம். எதிர்மூலைக்கு மாறினால் ஃபோகஸர் பக்கம். அது அதே மூலையிலேயே இருந்தது. குழாயைக் கிழக்கிலும் மேற்கிலும் சாய்த்துப் பார்த்தும் ரீடிங் மாறவில்லை, ஆகவே எடையால் தொங்குவதும் இல்லை.

மூன்றாம் இரவு ஏற்காட்டு மூடுபனி. எட்டு மணிக்கே சில்வர் ஓக் மரங்கள் மறைந்துவிட்டன. அக்கா மிளகு ரசம் வைத்தாள். அன்றைக்கு நடந்த நல்ல காரியம் அது ஒன்றுதான்.

நான்காம் இரவு சாய்வை எடுத்தேன். கேமரா முகப்பில் மூன்று இடங்களில் திருகு உள்ள தட்டு இருக்கிறது. திருகுகள் சென்சாரை விட வெளியே தள்ளி இருப்பதால், சென்சாரில் 0.12 என்றால் திருகில் அதைப் போல இரு மடங்கு நகர வேண்டும். அரை மி.மீ. புரி உள்ள திருகில் அது அரைச் சுற்றுக்குக் கொஞ்சம் குறைவு. தள்ளும் திருகைத் தளர்த்தாமல் இழுக்கும் திருகை முறுக்கக் கூடாது. ஒவ்வொரு முறையும் ரீடிங். நாலாவது முறையில் நான்கு மூலையும் 0.02-க்குள் வந்தன.

ஐந்தாம் இரவு வளைவு. என் ஃப்ளாட்டனருக்குப் பின்னால் சென்சார் 55 மி.மீ. தூரத்தில் இருக்க வேண்டும். கேமராவுக்குள் 17.5, வளையங்கள் 21, 16.5, கூட்டினால் சரியாக 55. ஆனால் நடுவில் 2 மி.மீ. கண்ணாடி ஃபில்டர் இருக்கிறது. கண்ணாடி தன் தடிமனில் மூன்றில் ஒரு பங்கு அளவுக்குக் குவியத்தைப் பின்னால் தள்ளும். ஆகவே 0.7 மி.மீ. ஷிம் சேர்த்தேன். நடுவுக்கும் மூலைக்கும் இருந்த வித்தியாசம் 0.01 ஆனது. எப்போதும் சாய்வை முதலில் எடுங்கள், தூரத்தைப் பிறகு பாருங்கள். நான்கு மூலையும் ஒத்துப்போகாதவரை தூரம் கூடவா குறைவா என்று சொல்லவே முடியாது.

அன்றே இரவு இரண்டு மணி வரை படம் எடுத்தேன். சேலத்தில் இரண்டடிக்கு மூன்றடி பிரிண்ட் போட்டு அடுத்த ஞாயிற்றுக்கிழமை கொண்டுபோனேன்.

மாமா ஜன்னல் பக்கம் நாற்காலியைப் போடச் சொன்னார். படத்தை நேராகப் பார்க்காமல் முகத்தைத் திருப்பி, சுவரைப் பார்ப்பது போல உட்கார்ந்தார். விரலை நீட்டி ஒன்று, இரண்டு என்று எண்ணினார். மூன்றாவதில், மூலைக்குப் பக்கத்தில், விரல் நின்றது. "இதுக்குப் பக்கத்துல செகப்பா ஏதோ இருக்கே, இத்தனை வருஷம் நான் பாத்ததே இல்லையே" என்றார். குதிரைத்தலை நெபுலாவுக்குப் பின்னால் இருக்கும் சிவப்பு அது. வெறும் கண்ணுக்கு யாருக்கும் தெரியாது என்றேன். "அப்ப உனக்கும் எனக்கும் ஒண்ணுதான்" என்று சிரித்தார்.

அடுத்து ஒமேகா செண்டாரி வேண்டுமாம். ஏற்காட்டிலிருந்து அது தெற்கே 30 பாகை உயரம்தான் ஏறும், சேலத்து வெளிச்சமும் அதே பக்கம். நல்ல உயரத்தில் கிடைக்கச் சித்திரை ஆகும். மாமாவுக்கு அடுத்த கண் பரிசோதனை மார்ச்சில். அதுவரை காத்திருக்க வேண்டாம் என்று பிப்ரவரியிலேயே விடியற்காலை நாலு மணிக்கு எழுந்து எடுப்பதாக முடிவு செய்திருக்கிறேன்.